பாலத்தில் மட்டும் நின்ற மோட்டார்

பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நின்று தவித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள் நின்றால் தள்ளிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கடை வாசலில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். பாலத்தில் ஒதுங்குவதற்கு இடம் இல்லை. இடதுபக்க மோட்டார் தடத்தில், கம்பித் தடுப்பை ஒட்டி வண்டியைச் சாய்த்துக்கொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொரு விளக்கையும் இவன் நம்மைப் பார்த்துவிட்டானா என்று பார்த்தபடி நிற்க வேண்டும். லாரி போனால் காலடியில் அதிர்வு தெரியும். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் எட்டுக்கு மேல் கடலுக்கு மேலே. அந்த எட்டில் எந்த இடத்தில் நின்றாலும் நட்ட நடுவில் நின்ற மாதிரிதான்.

சென்ற அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, விடிவதற்குள், எனக்கு அது முதல் தடவை நடந்தது. பாலத்தின் இந்தக் கரையில் பிறையில் வீடு, அக்கரையில் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை, ஏழு மணி ஷிப்ட். காரை மனைவி எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்ததால் அம்மாவின் பழைய கப்சாயை, அந்தச் சின்ன மோட்டாரை, நான் எடுத்துக்கொண்டேன். மோட்டாருக்குப் பாலத்தில் 2019 முதல் கட்டணம் கிடையாது. ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). மைகாட்டை, அதாவது அடையாள அட்டையைச் செருகினால் பெட்ரோல் அப்போது லிட்டர் 1.99, டேங்க் நிறைய அடித்தாலும் 8 வெள்ளி தாண்டவில்லை. மிச்சம் பிடிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டோலைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இழுவை குறைந்தது. கைப்பிடியை முறுக்க முறுக்க வேகம் கூடவில்லை, குறைந்தது. இரண்டு முறை இருமியது. ஒருமுறை பெருமூச்சு விட்ட மாதிரி இழுத்தது. பிறகு அமைதி. டயர் உருளும் சத்தமும் காற்றும்தான்.

பத்து நிமிடம் நின்றேன். மிதித்தேன், கிளம்பிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி பாயான் லெப்பாஸ் வரை போனது.

இந்த 'ஒன்றுமே நடக்காத மாதிரி' என்பதுதான் அடுத்த ஆறு வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒரேயடியாகச் செத்துவிடுகிற வண்டியைப் பழுது பார்ப்பது சுலபம். செத்துப் பிழைக்கிற வண்டி, பேய் பிடித்தவரைப் போல. பூசாரி வரும்போது பேய் இருக்காது.

அம்மாவின் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1958-இல் ஹோண்டா சூப்பர் கப் வந்ததும், பினாங்குக்காரரான லோ பூன் சியூ அதை மலாயாவில் விற்கத் தொடங்கியதும், 'கப்' என்ற பெயரோடு 'சாய்' ஒட்டிக்கொண்டு எல்லாக் கம்பெனிக்காரன் வண்டிக்கும் கப்சாய் என்றே பெயர் ஆனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அம்மாவுடையது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. குற்றம் கம்பெனியுடையது அல்ல. 2004-இல் வாங்கியது, நூறு சிசி, கார்புரேட்டர் வண்டி, டேங்க் சீட்டுக்கு அடியில். அதில்தான் அம்மா பதினான்கு வருடம் வடையும் கறிபாப்பும் நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) ஏற்றிக்கொண்டு பிறைத் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாக நிறுத்தி நிறுத்தி விற்றார். முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு பெட்டி, சீட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பை. முழங்கால் வலி வந்த பிறகு வியாபாரம் நின்றது. வண்டி வீட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கியது. தம்பி எப்போதாவது கடைக்கு எடுத்துப் போவான்.

மூன்று போர்மேன்கள்

போர்மேன் என்றால் எங்கள் ஊரில் மோட்டார் மெக்கானிக். முதலாமவர் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பக்கத்தில் இருக்கும் சீன அங்கிள். எழுபது வயது இருக்கும். கேட்டுக்கொண்டே சீட்டைத் தூக்கினார், மூடியைத் திறந்தார், உள்ளே எட்டிப் பார்த்து "மின்யாக் அடா" என்றார். எண்ணெய், அதாவது பெட்ரோல், இருக்கிறது. எனக்கும் தெரியும், நேற்று இரவுதானே நிரப்பினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். மழைக்காலம், நாள்பட நின்ற வண்டி, நியாயமான சந்தேகம்தான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், கார்புரேட்டர் கிண்ணத்தில் அடியில் போய் உட்காரும், பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் நுண்துளையான ஜெட் அதைத்தான் முதலில் உறிஞ்சும். கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். தண்ணீர் இல்லை. பெட்ரோல் சீராக, நிற்காமல் வந்தது. இருந்தாலும் கார்புரேட்டரைக் கழற்றி, நின்று காய்ந்த பெட்ரோல் விட்டுப்போன பிசினையெல்லாம் கழுவி, ஸ்லோ ஜெட்டின் துளையில் காற்றடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை, அதில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. புது ப்ளக். 45 வெள்ளி. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம், பட்டுப் போல ஓடியது. அடுத்த திங்கட்கிழமை பாலத்தில் நின்றது.

இரண்டாமவர் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கடை வைத்திருக்கும் நம்ம பையன். "அண்ணே, ப்ளக்க கழட்டுங்க, அது பொய் சொல்லாது" என்றான். உண்மைதான். ப்ளக் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. காற்று அதிகம், எண்ணெய் குறைவு என்பதற்கான அடையாளம். ஒழுங்காக எரிகிற வண்டியில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் பத்தவில்லை என்றால் கூடக் கொடு என்பது அவன் தர்க்கம். மெயின் ஜெட்டை இரண்டு நம்பர் பெரிதாக்கினான். ஏர் ஸ்குருவைத் திருகி வைத்தான். சந்தேகத்துக்குக் காயிலையும் மாற்றினான். 130 வெள்ளி. அவனும் வேலையை ஆரம்பித்தது எப்படி என்றால், சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்துத்தான். நோய்க்கு அவன் வாசித்த அறிகுறி சரி, கொடுத்த மருந்து தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்கும் அது சரியான மருந்தாகத்தான் பட்டது.

மூன்றாவது கடை தீவில், ஜெலுத்தோங்கில். அவர் அதிகம் பேசவில்லை. பெட்ரோல் பைப், பில்டர், கோக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு), மிதவை ஊசி எல்லாம் புதிது. 95 வெள்ளி. ஆக 270 வெள்ளி, மூன்று கடை, வண்டியோ பாலத்தில் நின்றுகொண்டே இருந்தது.

இதற்குள் எனக்குச் சில சங்கதிகள் பிடிபட்டிருந்தன. ஊருக்குள் ஒரு நாளும் நின்றதில்லை. திங்கட்கிழமை சீக்கிரம் நிற்கும், புதன் வியாழன் என்றால் கொஞ்சம் தள்ளி, வெள்ளிக்கிழமை சில நேரம் நிற்காமலே அக்கரை போய்விடும். சாகும்போது சோக்கை (காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்டும் பிடி) இழுத்தால் இன்னும் இருநூறு மீட்டர் ஓடும். ஆகவே கரண்ட் பிரச்சினை இல்லை, கரண்ட் போனால் விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று போகும். இது பசியில் மயங்குவது போல மெல்ல மெல்ல. ஒருமுறை கோபத்தில் நானே சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் தளதளவென்று கிடந்தது. மூடினேன், மிதித்தேன், கிளம்பியது. கொஞ்ச நேரம் நின்றதில் இன்ஜின் ஆறிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவன் புத்தி எவ்வளவு லாவகமாகத் தப்பான காரணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட ஓர் உதாரணம் எனக்குக் கிடைக்காது.

திங்கட்கிழமைக்கு என்ன விசேஷம் என்று மட்டும் விளங்கவில்லை. வேலைக்குப் போக எனக்குத்தான் மனமில்லை, வண்டிக்குமா என்று மனைவி கேட்டாள். அந்த வாரங்களில் இரண்டு நாள் வண்டி ஏற்றும் படகான பெரியில் போனேன். சுற்று வழி, ஆனால் பெரியில் நின்றாலும் பெரி போய்க்கொண்டேயிருக்கும்.

பால் டின்

அன்றும் திங்கள். காலையில் நின்றது போதாதென்று சாயங்காலம் திரும்பி வரும்போதும் நின்று, மழையில் நனைந்து, எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, இந்த வண்டியை இரும்புக் கடைக்காரனிடம் எடைக்குப் போடப்போகிறேன் என்று சத்தம் போட்டேன். அம்மா அடுக்களையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கய்யா நின்னுச்சு?"

"பாலத்துலதாம்மா. வேற எங்க? அங்க மட்டும்தான் நிக்குது."

"மூடியத் தொறந்து விட்டியா?"

"எண்ணெயெல்லாம் இருக்கும்மா. காலையிலதான் போட்டேன்."

"எண்ண இருக்குதான்னு கேக்கல. தொறந்து விட்டியான்னு கேட்டேன். அது மூச்சு முட்டுற வண்டில்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மா கீரைத் தண்டு ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "பால் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா பால் வருமா? ரெண்டாவது ஓட்டை எதுக்குப் போடுறோம்?"

தேத்தண்ணிக் கடையில் நாலு நாள் வேலை பார்த்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். கெட்டிப் பால் டின்னில் ஒரு பக்கம் மட்டும் துளை போட்டால் இரண்டு சொட்டு வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போகும், பால் வெளியே வரும். பெட்ரோல் டேங்க்கும் ஒரு டின்தான். அதன் இரண்டாவது துளை மூடியில் இருக்கிறது.

இந்த மாதிரி கார்புரேட்டர் வண்டியில் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, எடையின் தயவில் பெட்ரோல் இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்க்குக்குள் அழுத்தம் குறையும். குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் பெட்ரோலை மேலிருந்து பிடித்துக்கொள்ளும், இறங்க விடாது. கிண்ணத்தில் இருப்பது காலியாகும்வரை ஓடி, வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம் நின்றால் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். நான் 'இன்ஜின் ஆறுகிறது' என்று நினைத்துக்கொண்டிருந்த பத்து நிமிடம் அதுதான்.

இதில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறொன்று. மூன்று போர்மேன்களும் முதலில் செய்த காரியம் என்ன? மூடியைத் திறந்தார்கள். எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. திறந்த கணத்தில் டேங்க்குக்குள் காற்று போய்விட்டது, நோய் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் சோதனையை ஆரம்பித்தார்கள். சீன அங்கிள் கண்ணாடி பாட்டிலில் சீராக ஓடவிட்டுக் காட்டினாரே, அப்போது மூடி திறந்து சீட்டின் மேல் கிடந்தது. எனக்கு இப்போதும் அது கண்ணில் நிற்கிறது. மூடியை இறுக்கிவிட்டு அதே பாட்டிலைப் பிடித்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நூலாகி, சொட்டாகி, நின்றிருக்கும். நடு பாலத்தில் நானும் திறந்து பார்த்துவிட்டு, குணமாக்கிவிட்டு, குணமானது எப்படி என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு வெட்கம். நான் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னிஷன். மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த பாடம், டூல்பாக்ஸைத் திறக்கும் முன் ஆப்பரேட்டரிடம் கேள் என்பது. மூலக் காரணம் தெரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லும் டொயோட்டாக்காரர்களின் ஐந்து 'ஏன்' சுவரில் ஒட்டியிருக்கிறது, அதற்கு முன்னால் கேட்க வேண்டியது 'யார் ஓட்டினது' என்பார் அவர். எங்கள் லைனில் பதினைந்து வருடமாக இருக்கும் ஒரு கக்கா, அதாவது மலாய்க்கார அக்கா, உண்டு. மெஷின் பாகத்தை உறிஞ்சி எடுக்காமல் கீழே போட்டால், என்ஜினியர் வந்து ஸ்கிரீனைப் பார்ப்பதற்குள், "தம்பி, இன்னிக்கு சத்தம் வேற மாதிரி இருக்கு" என்று என்னைப் பார்த்து மலாயில் சொல்வார். நான் நம்புவேன். ஹோஸ் எங்காவது வெடித்திருக்கும். அந்தக் கக்காவிடம் கேட்கத் தெரிந்தவன், பதினான்கு வருடம் இந்த வண்டியை ஓட்டிய ஆப்பரேட்டரிடம் ஆறு வாரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆப்பரேட்டர் பத்தடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று அன்றைக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சாவியக் குடுத்தப்பவே சொன்னேனேய்யா."

எனக்கு ஞாபகமே இல்லை. மனைவி குளிர்பெட்டியை மூடிக்கொண்டே, "அத்தை சொன்னாங்க. பிரேக் லைட்டு ஒயர் லூசு, மழையில வழுக்கும், அப்பப்ப நிறுத்தி மூடியத் தொறந்து விடு, ரெயின்கோட்டு எடுத்துக்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். பிரேக் லைட் வயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை அன்றே சரி செய்தேன். ரெயின்கோட் ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருந்த ஒன்று மட்டும் காதில் ஏறவில்லை. அம்மா சொல்கிறவற்றை நான் எந்தச் சல்லடையில் சலித்துக் கேட்கிறேன் என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். வயர் என்றால் விவரம், மூடியைத் திறந்து விடு என்றால் அம்மா பேச்சு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

30 மில்லி

மறுநாள் லீவ் போட்டேன். மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். உள்பக்கம் கறுப்பு வளையம் ஒன்று. கடையில் விற்கிற வாஷர் இல்லை. கத்தரியால் வெட்டியது, விளிம்பு கோணலாக. சைக்கிள் ட்யூப் ரப்பர்.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், சிரித்தார். 2011-ஆம் வருடம் பெட்ரோல் நிலையத்தில் பழைய மூடியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாராம். போய்ப் பார்த்தால் காணோம். ஆறு வெள்ளிக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டார். அது சரியாகப் பொருந்தவில்லை. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் எண்ணெய் தளும்பி வெளியே வரும், சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற பையில் நாசி லெமாக். ஒரு நாள் வாடிக்கைக்காரப் பெண் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாளாம். "அன்னிக்கு சாயந்தரமே ட்யூப்ப வெட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் வாடையே இல்ல."

வாடை இல்லை. காற்றும் இல்லை. சைக்கிள் ட்யூப் ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதும். இதற்கென்று உள்ள நைட்ரைல் ரப்பர் மாதிரி தாங்காது. ஊதி, மூடியின் அடியில் இருந்த குண்டூசித் துளையை நன்றாக அடைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் மோட்டார் தொழிற்பேட்டைச் சாலையில் இருமத் தொடங்கியிருக்கிறது. அம்மா ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார், மூடியைத் தளர்த்தினால் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும், பிறகு ஓடும் என்று. அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தும்போது சீட்டைத் தூக்கி ஒரு திருகு, ஒரு மூடல். சில்லறை எண்ணுவதற்கு முன் செய்கிற வேலை. அவருடைய ஓட்டத்தில் ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட வராது. வண்டி ஒரு தடவையும் அவரை நடுவழியில் விட்டதில்லை.

இதைக் கேட்டபிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி போகாது. டேங்க்கில் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் உயர வித்தியாசம் ஒரு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டர் முக்கால் கிலோ அளவுதான். அந்த 20 சென்டிமீட்டர் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதாவது டேங்க்குக்குள் இருக்கும் காற்று ஒன்றரை சதவீதம் விரிந்தாலே போதும், ஓட்டம் நின்றுவிடும். நாலு லிட்டர் டேங்க்கில் பாதி காலி என்றால் உள்ளே காற்று 2 லிட்டர். அதில் ஒன்றரை சதவீதம் 30 மில்லி. இருமல் மருந்து பாட்டில் மூடியில் இரண்டு மூன்று முறை ஊற்றுகிற அளவு. பெட்ரோல் ஆவி இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும், இருந்தாலும் அளவு இதுதான்.

திங்கட்கிழமையின் மர்மமும் அந்தத் தாளிலேயே அவிழ்ந்தது. ஞாயிறு இரவிலோ திங்கள் காலையிலோ நான் டேங்க் நிறைய அடிப்பேன். நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடமே இல்லை, 300 மில்லி இருந்தால் அதிகம். அதில் ஒன்றரை சதவீதம் ஐந்து மில்லி, ஒரு தேக்கரண்டி. வாரம் போகப் போக எண்ணெய் குறையும், காற்று கூடும், வண்டி அதிக தூரம் தாங்கும். வெள்ளிக்கிழமை ஏறக்குறைய காலி டேங்க்கோடு அக்கரை சேர்ந்துவிடும். எண்ணெய் இல்லாததால் நிற்கிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். எண்ணெய் நிறைய இருந்ததால் நின்றது.

ஊருக்குள் ஏன் நிற்கவில்லை என்பதும் அதே கணக்குதான். பாலத்தில் 70-இல் போனால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு 26 மில்லி குடிக்கும். சிக்னலில் நின்று நின்று சராசரி 25-இல் ஊர்ந்தால் 9 மில்லி. ரப்பரின் கோணல் விளிம்பு வழியாகக் கசிந்த காற்று 9-க்குப் போதுமானதாக இருந்திருக்கிறது, 26-க்குப் போதவில்லை. போர்மேன்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஒன்பது மில்லிச் சாலையில்.

அப்படியென்றால் அந்த ரப்பரைப் பழுது என்று சொல்லலாமா? இதில்தான் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வேலையிடத்தில் யாராவது இப்படி ஓர் ஒட்டுப் போட்டிருந்தால், ரிப்போர்ட்டில் 'தற்காலிகத் தீர்வு, மூலக் காரணம் களையப்படவில்லை' என்று நானே எழுதியிருப்பேன். ஆனால் அம்மாவுக்கு மூலக் காரணம் நாசி லெமாக்கில் வீசிய வாடை. அதைக் களைந்துவிட்டார். அதற்கு விலையாக வாசலுக்கு வாசல் மூன்று விநாடி கொடுத்தார், அதுவும் எப்படியும் இறங்கி நிற்கிற இடத்தில். அவர் ஓடிய பாதையில் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அதே வண்டியை, அதே மூடியோடு, நான் நிற்க இடமில்லாத ஒரு பாதைக்குக் கொண்டுபோனேன். பழுது வண்டியில் இருந்ததா, டோலைத் தாண்டிய பிறகு பிறந்ததா?

மாற்றியதை மாற்றுவது

மூடி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பதினெட்டு வெள்ளிக்கு வண்டிக்குரிய மூடியே கிடைத்தது. பாலத்தில் நிற்கவில்லை. ஆனால் வேறொரு வியாதி தலைகாட்டியது: சிக்னலில் திணறல், புகைக் குழாயில் கறுப்பு, லிட்டருக்கு 35-க்குக் கீழே போய்விட்டது. ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. இரண்டாவது கடைப் பையன் போட்ட பெரிய ஜெட் இப்போது தன் குணத்தைக் காட்டுகிறது. பெட்ரோல் இறங்காத நாட்களில் அது பெரியதா சிறியதா என்பதே தெரியவில்லை. இப்போது தாராளமாக இறங்குகிறது, வண்டி அளவுக்கு மேல் குடிக்கிறது.

பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. தவறான இடத்தில் போட்ட ஒவ்வொரு சரியான வேலையும் உள்ளேயே இருக்கும், உண்மையான காரணம் நீங்குகிற நாளில்தான் எழுந்து வரும். நான் அதை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிரித்தேன். ஜெட்டைப் பழைய நம்பருக்குக் கொண்டுவந்தேன். ஏர் ஸ்குருவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து காதால் கேட்டுத் தேடினேன். ஒரு விடியற்காலையில் இன்ஜின் சூடான பிறகு கால் சுற்றுக்குக் கால் சுற்று, சத்தம் எங்கே உச்சத்தில் நிலைக்கிறது என்று. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பெட்ரோல் பைப்பும் பில்டரும் மாற்றியது மட்டும் நஷ்டமில்லை, பழைய பைப் எப்படியும் வெடிப்பு விட்டிருந்தது. காயில் வீண் செலவு. பழைய காயிலைத் துணியில் சுற்றி டிராயரில் வைத்திருக்கிறேன்.

சீன அங்கிளிடம் போய்ச் சொன்னேன். ட்யூப் ரப்பரைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், "உங்க அம்மாவா?" என்று கேட்டார். தொழிற்பேட்டையில் வேலை செய்த காலத்தில் அவருடைய மகன் அம்மாவிடம்தான் பசியாறுவானாம். பிறகு மௌனமாக, அப்போது அவர் கையில் இருந்த வேறொருவர் வண்டியின் மூடியை எடுத்து டேங்க்கில் வைத்து இறுக்கிவிட்டு, கிண்ணத்தின் திருகைத் தளர்த்திப் பாட்டிலைப் பிடித்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டியில் பெட்ரோல் நிற்காமல் வந்தது.

இப்போது இரண்டு மாதமாகத் திங்கள் உட்பட எல்லா நாளும் பாலத்தைத் தாண்டுகிறேன். ஒரே ஒரு குறை. முந்தாநாள் மனைவி என் சாப்பாட்டுப் பையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் மூச்சு விடுகிற துளை வழியாகக் கொஞ்சம் வாடையும் வரத்தான் செய்யும், பையைச் சீட்டோரம் மாட்டாமல் முன்கூடையில் வை, அவ்வளவுதான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"அந்த ரப்பர எங்கய்யா வச்ச?"